வால் மாறும் தீவு

வரைபட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளை எல்லோரும் ‘மைக்காரி’ என்றே கூப்பிட்டார்கள். படகில் ஏறினாலே குமட்டும். ஆனாலும் கடலுக்குள் இருந்த ஆளில்லாத ஒரு தீவு அவளுக்குக் கைப்பாடம். நீளம் அறுநூறு அடி, அகலம் இருநூறு. நடுவில் கிணறு: மேலே ஒரு சாண் நல்ல தண்ணீர், கீழே உப்பு. ஒரு காலத்தில் கப்பலில் வந்த தொற்றுநோய்க்காரர்களை அங்கே இறக்கி வைத்தார்கள். எவனோ அவசரக்காரன் வாளியை ஆழமாக விட்டுக் கலக்கினான். கிணறு கெட்டது, ஆட்களும் காலி செய்தார்கள். பல வருடம் கழித்துத் தண்ணீர் தானே தெளிந்தது, ஆள்தான் திரும்பவில்லை. மிச்சம் பதினொரு கல்லறையும் ஒரு விளக்குக் கம்பமும். சுற்றிலும் பாறை. படகு ஒதுங்க, வால் போல் நீண்ட மணல்திட்டு ஒன்றுதான் வழி.

அன்று காலை அந்த விளக்கைப் பழுதுபார்க்க, அவள் வரைந்த புதுப் படத்தோடு கிளம்பியவர் அவள் வீட்டுக்காரர்.

பத்து மணிக்கு அந்தப் படத்தின் மூலத்தாளை அலமாரியில் வைக்கப்போனவள் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தாள். ஜனவரியில் அளந்தது, வால் தெற்கே. அடியில் கிடந்த பழைய தாள் ஜூலையில் அளந்தது, வால் வடக்கே. காற்று திரும்பினால் மணலும் திரும்புகிறது. இது ஜூலை. வீட்டுக்காரர் எடுத்துப்போனது ஜனவரிப் படம்.

துறைமுக வயர்லெஸ் அறைக்கு ஓடினாள்.

“என்னக்கா, அண்ணன் சாப்பாட்டை மறந்துட்டாரா?” என்றான் வயர்லெஸ்காரன்.

“வாயை மூடிட்டுப் படகைக் கூப்பிடு. தெற்கே போனா பாறைல மோதிடுவாங்க.”

கூப்பிட்டான். வெறும் இரைச்சல்.

“கரையில இறங்கியிருப்பாங்கக்கா.”

“இறங்கினாங்களா முங்கினாங்களான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் மறுபடி மறுபடி கூப்பிட்டான். நாற்பது நிமிடம் கழித்துத்தான் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

“தெற்கே முட்டிட்டோம். தப்பிச்சு வடக்கே வந்து மணல்ல ஏத்தியாச்சு. படகுல ஓட்டை. எனக்கும் அடி, ரத்தம் நிக்கல. படகோட்டி அப்பவே வேணாம்னான். என் பொண்டாட்டி போட்ட கோடு தப்பாதுன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்.”

அழுதால் ரத்தம் நிற்குமா?

“அடி எங்க?”

“கணுக்கால் கிழிஞ்சிருக்கு.”

“கிணத்துல மேலாப்ல தண்ணி மொண்டு கழுவுங்க. வாளியை ஆழமா விடாதீங்க. துணியை மடிச்சு அழுத்திக் கட்டி, காலை உயரத்துல வைங்க.”

“இதுவும் உன் படத்துல இருக்கா?”

“கிணறு இடம் மாறாது. சொன்னதைச் செய்யுங்க.”

மீட்புப் படகு கிளம்பும்போது, அதன் ஓட்டுநரிடமிருந்த படத்தைப் பிடுங்கித் தெற்கு வாலைப் பேனாவால் அடித்தாள். ‘ஜூலையில் வடக்கு’ என்று பக்கத்தில் எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது. படிக்க முடிந்தது, அது போதும்.