மோரிஸ் மைனரும் பெண்ணைப் பெற்றவரும்

தாயுமானவனை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் ஸ்ரீரங்கத்தில் குறைவு. முதுகைக் காட்டினால் சொல்லிவிடுவார்கள். முப்பது வருஷமாக இந்த ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைக்கு முன்னால், பாதி வெட்டுப்பட்டு, அந்த முதுகு இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தபோது, ஊரைவிட்டுப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கிய மோரிஸ் மைனர் அவருடையது. மேல்துணியை மடக்கிவிட்டால் திறந்த கார். லீவு நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்ட ஆரம்பித்தவர், ரிட்டயர் ஆன பிறகும் நிறுத்தவில்லை.

அந்தக் காரில் அப்படி என்ன இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு விளங்கியதே இல்லை. உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்த வண்டி. கம்பெனி முதலாளியே முதலில் பார்த்துவிட்டு, வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அகலம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் நெடுக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார்களாம். பானட்டின் நடுவே ஓடும் பட்டையைத் தடவிக்கொண்டே இதைச் சொல்வார். அப்புறம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. "ஒட்டுப்போட்ட வண்டிங்க. இதுல என்னத்தைக் கண்டாங்க?" என்று கேட்பார். வாசலில் ஏசி வைத்த பெரிய கார்கள் இரண்டு நிற்கிற வீட்டுப் பையன்கூட, கல்யாணத்தன்று கோட்டும் சூட்டுமாக வேர்த்து ஒழுகிக்கொண்டு இதில்தான் உட்காருவேன் என்கிறான்.

மகள் சௌமியாவுக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பத்தில் இடம் அமைந்தது. பையன் பிரதீப்புக்குத் துவாக்குடியில் வேலை. அவர்கள் விசாரித்தபோது, "ரயில்வேயில ரிட்டயர்ங்க" என்பதோடு தாயுமானவன் நிறுத்திக்கொண்டார். பொய்யில்லை. ஆனால் கார் ஓட்டுவதைச் சொல்ல நாக்கு வரவில்லை. டிரைவர் மகள் என்று இளப்பமாக நினைத்துவிட்டால் அந்த வீட்டில் அவள் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள்? சௌமியாவிடமும் மூச்சு விடாதே என்றார். அவளுக்கு முகம் சுருங்கியது, இருந்தாலும் சொல்லவில்லை.

காருக்கென்று அவர் வைத்திருந்த பழைய போன் ஒருநாள் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரமலை.

"ஸ்ரீரங்கத்துல ஓபன் மோரிஸ் வச்சிருக்கிறது நீங்கதானுங்களா? மாப்பிள்ளை அழைப்புக்கு வேணுங்க."

தேதியைச் சொன்னார், மண்டபத்தைச் சொன்னார். இரண்டும் தாயுமானவனுக்கு மனப்பாடம். அன்றைக்கு வண்டி இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "வந்துருதுங்க" என்றார். போனை வைத்த பிறகுதான், அன்றைக்குத் தான் பெண்ணைப் பெற்றவர் என்பது உறைத்தது.

"ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால சம்பந்திக்குச் சந்தனம் குடுப்பீங்களா?" என்று மனைவி மட்டுவார்குழலி கேட்டாள். நியாயமான கேள்வி.

கடைசியில் மெக்கானிக் நவ்ஷாத்தைப் பிடித்தார். "பாய், நீ ஓட்டு. கேட்டா உன் வண்டின்னு சொல்லிடு."

"ரிப்பேர் பார்ப்பேண்ணே. நடை வேகத்துல ஓட்டினதில்லையே" என்று நவ்ஷாத் இழுத்தான்.

அழைப்பு அன்று மாலை பிள்ளையார் கோயிலில் பிரதீப்புக்கு மாலை போட்டு, காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். நாதஸ்வரம் முன்னே போனது. தாயுமானவன் பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தோடு சம்பந்திகளுடன் பின்னால் நடந்தார். யாரோ ஏதோ கேட்டார்கள், எதற்கோ தலையாட்டினார். காது முழுக்க என்ஜினில் இருந்தது. வடக்கு உத்திர வீதியில் திரும்பியதும் அது இருமியது, இன்னொரு தரம் இருமி நின்றேவிட்டது.

"மாப்பிள்ளை உக்காந்த வண்டி நடுவழியில நிக்கலாமா?" என்று ஓர் அம்மாள் ஆரம்பித்தாள். மாப்பிள்ளையை இறக்கவும் கூடாது, வண்டியைத் தள்ளவும் கூடாது. நவ்ஷாத் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகத் திரும்பினான். தாயுமானவனுக்குச் சங்கதி தெரியும். நடை வேகத்தில் போனால் பெட்ரோல் பம்ப் சூடேறிவிடும், ஈரத்துணி போட்டால் போதும். போனால் குட்டு வெளிப்படும். போகாவிட்டால் அபசகுனம் மகள் தலையில் விழும். எது அவளுக்கு நல்லது என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குள் கால் நடந்துவிட்டது.

யாரிடமோ தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அங்கவஸ்திரத்தை நனைத்தார். பானட்டைத் திறந்து பம்பின்மேல் போர்த்தினார். நவ்ஷாத்தைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்துக் குமிழை இழுத்தார். பிடித்துக்கொண்டது.

வீரமலை கதவருகில் குனிந்தார். "சம்பந்தி, இது உங்க வண்டியா? நீங்களா டிரைவரு?"

"ஆமாங்க. நான்தாங்க ஓட்டுறது. ரொம்ப வருஷமா" என்றார் தாயுமானவன். சௌமியா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் மனசுக்குள் ஓடியது.

சீர்த்தட்டுப் பெண்களுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வள்ளிக்கண்ணு விடுவிடுவென்று வந்தாள். "இறங்குங்க தம்பி" என்று நவ்ஷாத்தை எழுப்பிவிட்டு, முன்சீட்டில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, என்ன பண்றே நீ?" என்றார் வீரமலை.

"பிரதீப் ஆசைப்பட்டான்னா நினைச்சே? நான்தான்டா இந்தக் காரைச் சொன்னேன். என் கல்யாணத்துல என்னை மில்லு லாரியில, தவிட்டு மூட்டை நடுவுல கூட்டிட்டு வந்தீங்க. யாரு கண்ணுலயும் படலை நான்." பிறகு தாயுமானவன் பக்கம் திரும்பினாள். "மெதுவாவே போங்க சம்பந்தி. எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் முதல் கியரைப் போட்டார். திட்டுகிறாளா, கொண்டாடுகிறாளா என்று பிடிபடவில்லை. பின்சீட்டில் பிரதீப் சிரிப்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மட்டுவார்குழலி, புருஷன் இருந்த இடத்தைப் பார்த்து, சுற்ற வேண்டியதை மறந்து நின்றாள். எப்படியோ சுற்றினாள், மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"அவருக்கும் வைங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ ஆரத்தி அந்தக் காருக்கு முன்னால் சுற்றியாகிவிட்டது. பொட்டு எப்போதும் பின்சீட்டோடு சரி. மட்டுவார்குழலி விரலைத் தட்டில் தோய்த்துவிட்டு, ஊரே பார்க்கிறதே என்று தயங்கி நின்றாள்.

"என்னங்க நடக்குது இங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியலை குழலி. நீ வை" என்று தாயுமானவன் நெற்றியை நீட்டினார்.