துளையில்லாத பந்து

முகம்மது ஆசிக் ஐம்பது டன் கிரேன் ஓட்டுகிறவன். ஊர் தொண்டி. அபுதாபிப் பாலைவனத்தில், மதீனத் சாயிதிலிருந்து மேற்கே நாற்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி, குழாய் பதிக்கும் வேலைக்காகப் போட்ட கேம்ப்பில் 2017 ஜூலை முதல் இருந்தான். கேம்ப்பில் மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு பேர். கிரேனுக்குக் கீழே நின்று பாரத்தைக் கட்டிவிட்டு அவனுக்குக் கைச்சைகை காட்டுகிற ரிக்கர் பாலகுரு, முதுகுளத்தூர்க்காரர், ஐந்து வயது மூத்தவர். இவன் அவரை மாமா என்பான், அவர் இவனை மாப்ள என்பார். ஐந்தரை வருடம் ஒரே ரூம், எதிரெதிர்க் கட்டில்.

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அந்த விபத்து நடந்தது. பாலகுரு வலது கையால் இரும்புக் கயிற்றைக் குழாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சைகை காட்டினார். கயிற்றில் கை வைக்கக் கூடாது என்பது விதி. வைக்காவிட்டால் கயிறு நழுவும் என்பதால் எல்லா ரிக்கரும் வைப்பார்கள். முதலில் மெல்ல இழுக்கச் சொன்னார். அடுத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்தார். நிறுத்து என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து ஆசிக்கின் போன் கேபினுக்குள் மினுங்கியது. வீட்டிலிருந்து ஏதோ படம். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது கயிறு இறுகியிருந்தது. பாலகுருவின் நடுவிரலும் மோதிர விரலும் போயின.

விசாரித்தவர் சேஃப்டி ஆபீசர் விஜயபாஸ்கர். "இழுன்னு காட்டினார், இழுத்தேன் சார்" என்றான் ஆசிக். அது பொய்யில்லை. அதற்கடுத்த சைகையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பாலகுருவோ, "கை வச்சது நாந்தான் சார்" என்று தானே ஒப்புக்கொண்டார். சைகை காட்டத் தாமதித்துவிட்டோம் என்று அவரே நம்பினார். தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது.

அதன் பிறகு தினமும் காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்திப் பேசுகிற பாதுகாப்புக் கூட்டத்தில், பாலகுருவின் கை ஒரு பாடமாயிற்று. முதலில் தமிழில், பிறகு இந்தியில், பிறகு மலையாளத்தில். ஸ்டோரில் லைட் டியூட்டிக்கு மாற்றப்பட்டிருந்த பாலகுருவும் வரிசையில் நின்று மூன்று மொழியிலும் கேட்டுக்கொண்டிருப்பார். 2023 மார்ச் 24-ஆம் தேதி அவரை ஒரேயடியாக ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டார்கள்.

அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிக் முடிவு செய்தான். ரூமில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். மெஸ்ஸில் வாய் வரவில்லை. பாலகுருவுக்குப் பிடித்த இடமொன்றுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று நினைத்தான். பாலகுருவுக்குப் பிடித்தது பௌலிங், மரத்தரையில் பந்தை உருட்டிக் கோடியிலுள்ள பத்துக் கட்டையைச் சாய்க்கிற ஆட்டம். கம்பெனி பஸ் மாதத்துக்கு ஒரு முறை அபுதாபிக்குக் கூட்டிப்போகும்போது உருட்டிக் கற்றுக்கொண்டவர். 2021 விளையாட்டு விழாவில் நூற்று எண்பத்தேழு எடுத்துக் கோப்பை வாங்கினார்.

ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, மெஸ்காரரின் பழைய காரை இரவல் வாங்கி மதீனத் சாயிதில் ஒரு மாலுக்குப் போனார்கள். அங்கே பௌலிங் கவுன்டரில் சுஷ்மிதா என்ற கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள்.

"அண்ணா, சன்டே ஃபேமிலி டே. பேச்சிலர்ஸ உள்ள விடமாட்டாங்க."

"எனக்கு ரெண்டு புள்ள இருக்கும்மா" என்றார் பாலகுரு.

"கூட வந்திருக்கணும்ல அண்ணா."

"கூட வந்தா நான் ஏன்மா இந்தப் பாலைவனத்துல கெடக்குறேன்."

அவள் சிரித்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். பௌலிங் பந்தில் மூன்று துளை. கட்டை விரல், நடுவிரல், மோதிர விரல். உள்ளே விட்டிருந்தாலும் அவரால் தூக்கியிருக்க முடியாது. அதை ஆசிக் அதுவரை யோசிக்கவே இல்லை.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. கேண்டில்பின்னுன்னு ஒண்ணு இருக்கு, கனடா பக்கம் ஆடுவாங்க" என்று சுஷ்மிதா போனில் ஒரு வீடியோ காட்டினாள். மெழுகுவத்தி மாதிரி ஒல்லியான கட்டைகள். பந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். துளை கிடையாது. உள்ளங்கையில் வைத்து உருட்டிவிடலாம்.

"கனடாவுக்கு விசாவும் நீயே எடுத்துக் குடுத்துரும்மா" என்றார் பாலகுரு.

ஆசிக் அந்தப் பேரை எழுதி வாங்கிக்கொண்டான். அந்த ஆட்டம் ஆடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துச் சொல்வது என்று தனக்குள் தீர்த்துக்கொண்டான்.

பிப்ரவரி 5 அன்று கயாதி. பௌலிங் என்று மேப் காட்டிய கட்டடத்தில் டயர் கடை. 12 அன்று ருவைஸ். அங்கிருந்த கிளப்பில் உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. 26 அன்று மிர்ஃபா. ஒரு ஓட்டலில் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் பந்துதான் இருந்தது. மார்ச் 5 அன்று சிலா வரை போனார்கள், சவூதி எல்லை தெரிந்தது, பௌலிங் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவரே அங்கு இல்லை. 12 அன்று லிவா, அங்கும் இல்லை. ஆறு ஞாயிறு, ஆயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீட்டர்.

"மாப்ள, உனக்கு இந்த ஆட்டம் புடிக்காதுல்ல. ஒரு தடவகூட நீ உருட்டுனதில்ல. எதுக்குடா இப்படி அலையுற?" என்று லிவாவிலிருந்து திரும்பும்போது பாலகுரு கேட்டார்.

"சும்மாதான் மாமா. நீங்க ரூமுக்குள்ளயே கெடக்குறீங்கள்ல."

இடம் கிடைக்காமல் திரும்பும் ஒவ்வொரு ஞாயிறும் தன் நெஞ்சு லேசாவதை ஆசிக் கவனித்தான். அதற்காகவே அடுத்த ஞாயிறு இன்னும் தூரமாகப் போனான்.

இடத்தைச் சொன்னவர் தண்ணீர் டேங்கர் ஓட்டும் பெஷாவர்க்காரர். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று விட்டுப்போன பழைய கேம்ப்பில், கூடத்துக்குள் மரத்தரை போட்ட இரண்டு பாதை இருப்பதாகவும், பந்து மாதுளம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றும் சொன்னார். இவர்கள் கேம்ப்பிலிருந்து எழுபத்தெட்டு கிலோமீட்டர். கடைசிப் பத்து வெறும் மண் தடம்.

மார்ச் 19 அன்று போனபோது கேட்டைத் திறந்தவர் காவலாளி அரியரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்து மூன்று வயது.

"பந்து உருட்டவோ வந்தனீங்கள்?" என்று இரண்டு முறை கேட்டார். "நான் இஞ்ச வந்து ஒன்பது வருசம். இதைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. வாங்கோ, வாங்கோ. லைட் ஒண்டுதான் எரியும்."

கனடாக்காரர்கள் போட்டுவிட்டுப் போனதாம். கட்டைகளை நிறுத்த மெஷின் கிடையாது. அரியரத்தினமே கோடியில் போய் உட்கார்ந்து பத்துக் கட்டையையும் நிறுத்தினார். பாலகுரு பந்தை எடுத்தார். மீதியிருந்த மூன்று விரலும் உள்ளங்கையுமாக அதைச் சுற்றிக்கொண்டன. கொஞ்ச நேரம் உருட்டாமலே வைத்திருந்தார். பிறகு உருட்டினார். நான்கு கட்டை விழுந்தது.

சைட்டில் கீழே கிடப்பதை உடனே அப்புறப்படுத்திப் பழகிய ஆசிக், விழுந்த கட்டைகளை எடுக்க ஓடினான்.

"கையை எடும் தம்பி" என்றார் அரியரத்தினம். "விழுந்தது கிடக்கட்டும். மூண்டு பந்தும் போட்ட பிறகுதான் எடுக்கிறது. அதுவரைக்கும் அதோடதான் விளையாடவேணும்."

ஆசிக் திரும்பி வந்தான். பாலகுரு இரண்டாவது பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் நான்கு மாதமாக இல்லாத ஒரு களை. அதைப் பார்த்தபோது இப்போது சொல்லவே முடியாது என்றுதான் தோன்றியது. ஆனால் இதற்கப்பால் தேட இடம் இல்லை.

"மாமா. நீங்க அன்னிக்கு நிறுத்துன்னு காட்டுனீங்க. லேட்டால்லாம் இல்ல. நான் போனப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பாலகுரு அவனைப் பார்க்கவில்லை. பந்தை உருட்டினார். அது கிடந்த கட்டையில் பட்டு விலகி, எதையும் சாய்க்காமல் ஓரத்தில் போய் விழுந்தது. மூன்றாவதையும் உருட்டினார். எத்தனை விழுந்தது என்று இருவரும் பார்க்கவில்லை.

"இதச் சொல்லத்தான் ஊர் ஊரா இழுத்தியா?"

"ஆமா மாமா."

"நான் என் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? என் கவனக்கொறவுதான், யாரையும் திட்டாதேன்னு. மீனாம்பா அதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசல."

பாலகுரு அடுத்த பந்தை எடுத்து, உருட்டாமல் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொன்னா முடிஞ்சிரும்னு நெனச்சியா? எனக்கு இனிமே தெரிஞ்சு என்னடா. நாளைக்கு அஞ்சரைக்கு அத்தன பேரும் நிப்பான்ல, அங்க சொல்லு."



மார்ச் 20, திங்கட்கிழமை. விஜயபாஸ்கர் வழக்கமான பாடத்தைத் தொடங்கியபோது ஆசிக் வரிசையை விட்டு முன்னே போனான். "சார், இத நான் சொல்றேன்" என்றான். போனைச் சொன்னான், சைகையைச் சொன்னான், விசாரணையில் மறைத்ததையும் சொன்னான்.  பின்னால் நின்றவர்கள் "க்யா போலா பாய்?" என்று கேட்டார்கள். விஜயபாஸ்கர் இந்தியில் சொன்னார். வழக்கமாக மலையாளத்தில் சொல்கிறவன் அன்று லீவு, வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. அதுவரை ஆசிக் அங்கேயே நின்றான்.

ஆபரேட்டர் கார்டை அன்றே வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது பத்துக்கு வேறொருவன் கிரேனில் ஏறினான். விபத்து அறிக்கையைத் திருத்தி எழுத இரண்டு நாள் ஆனது. ஆசிக்கை ரிக்கர்களோடு கயிறு கட்டும் வேலையில் போட்டார்கள், மேல்விசாரணை பாக்கி. பாலகுருவுக்குப் போட்ட டிக்கெட் மட்டும் மாறவில்லை. அந்தக் கையை வைத்துச் செய்யக் கம்பெனியில் வேலை இல்லை.

அந்த நான்கு நாளும் பாலகுரு எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 24-ஆம் தேதி, நோன்பின் இரண்டாம் நாள், ஏர்போர்ட் வேன் வந்தபோது ஆசிக் கேட்காமலே பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனான். அவர் தடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியவர், கண்ணாடியை இறக்கினார்.

"நோன்பாடா?"

"ஆமா மாமா."

"அப்ப வெயில்ல நிக்காத. போ."

வேன் கேட்டைத் தாண்டும்வரை அவன் நின்றான்.