கோரின் முன்வைத்த கால்

நெப்ராஸ்காவில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் காலேஜில் கூடைப்பந்து ஆடிய பெண்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்த கண் சொல்கிறது, படித்தவர்கள் வேறு கணக்குச் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்: பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு என்றால் அது கோரின் வாஸ்லர்தான். பன்றிப் பண்ணைக்காரர் மகள். உயரம் கிடையாது, வேகமும் சுமார். ஆனால் ஒருத்தி தன்னைத் தாண்டிப் போய்விட்டால், எப்படிப் போனாள் என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. முதல் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, அவள் ஏன் இப்போது திரும்பினாள், இவள் ஏன் நின்றாள் என்று பக்கத்தில் இருப்பவர்களை நச்சரித்தாள். இரண்டாம் வருஷம் இடம் பிடித்தவள் பிறகு விடவே இல்லை.

கடைசி வருஷம்தான் அந்த இடம் ஆட்டம் கண்டது. பக்கத்து ஊர்க் காலேஜின் ரெனாட்டா ஜெலினெக், முதல் ஆட்டத்தில் தூணைச் சுற்றிப் போகிற மாதிரி கோரினைச் சுற்றிப் போய்ப் போய்ப் புள்ளி எடுத்தாள். மறு ஆட்டம் வரும் சனிக்கிழமை. அன்றும் அப்படியே நடந்தால் மீதி சீசனை முதல் வருஷப் பெண் ஆடுவாள் என்று கோச் லிண்ட்குவிஸ்ட் அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்துவது வழக்கம். அந்த வாரம் ரெனாட்டா வேஷம் டுவைட் ஹாஸ்கெல் என்ற நெட்டையனுக்கு. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவளைப்போலவே முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவதுவரை பழகிக்கொண்டு வந்தான். வாடி ரெனாட்டா என்றுதான் பெண்கள் அவனைக் கூப்பிட்டார்கள். முதலில் அவனும் கோரினைச் சுலபமாகத் தாண்டினான். பிறகு அவள் கண்டுபிடித்துவிட்டாள்: பாயப் போகும்போது அவன் தாடை கொஞ்சம் இறங்கும். வெள்ளிக்கிழமை அவனை நகரவே விடவில்லை.

சனிக்கிழமை ரெனாட்டாவின் தாடை இறங்கவே இல்லை. வந்தாள், போனாள், போட்டாள். மறுபடியும் அதே கதை. கோரினுக்கு அப்போதுதான் உறைத்தது. வாரம் முழுக்க அவள் படித்தது டுவைட்டை.

டைம் அவுட்டில் கோச் முதல் வருஷப் பெண்ணைத் தயாராகச் சொன்னார். வேறொருத்தியாக இருந்தால் துண்டில் முகத்தைப் புதைத்திருப்பாள். கோரின் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டுவைட் பக்கம் திரும்பினாள்.

"டேய், அவ செய்யறதுல உனக்கு வராதது எது?"

"என்னைக் குத்தம் சொல்றியா?"

"இல்லடா. நெஜமாவே தெரியணும்."

அவன் யோசித்தான். "அவ உன் காலைப் பாத்துட்டுத்தான் பாயறா. எந்தக் கால் முன்னாடி இருக்கோ அந்தப் பக்கம். நான் உன் தலைக்கு மேல கூடையைப் பாத்துக்கிட்டிருந்தேன். குள்ளச்சி, உன் காலை எவன் குனிஞ்சு பாப்பான்?"

ஒரே ஒரு வாய்ப்பு கேட்டாள் கோரின். ஒன்றுதான் என்றார் கோச்.

ரெனாட்டா பந்தோடு வந்தாள். கோரின் வேண்டுமென்றே இடது காலை முன்னால் வைத்தாள். வைத்த மறுகணமே உடம்பை அந்தப் பக்கம் எறிந்தாள். பந்து நேராக அவள் கையில் வந்து விழுந்தது. அடுத்த முறை வலது கால். அப்போதும் பந்து கைக்கு வந்தது. முதல் வருஷப் பெண் களத்தில் இறங்குவதற்காகக் கழற்றிய மேல்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஜெயித்தோம். மீதி சீசன் முழுக்க கோரின்தான் ஆடினாள்.

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கைகொடுத்தபோது, ரெனாட்டாவின் கையை அவள் விடவில்லை.

"நான் காலைக் காட்டி ஏமாத்துறது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. மனசுக்குத் தெரியுது, காலு கேக்க மாட்டேங்குது."

"ஏன் கேக்க மாட்டேங்குது?"

பின்னால் வரிசை நகராமல் நின்றது. கடைசியில் மற்றவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போக, அவர்கள் அங்கேயே நின்று ஒருத்தி காலை ஒருத்தி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.