மணலில் செல்வி போட்ட கணக்கு

என் மகள் செல்வி மூன்றாம் வகுப்பில் பாஸாக மாட்டாள் என்று டீச்சர் சொன்னார். அதை வீட்டுக்கு வந்து சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பாளையம்பட்டியில் ஒற்றை அறையில் நானும் அவளும் இருந்தோம். அவள் அப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதமும் நின்றுபோயிருந்தது. நான் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தேன்.

செல்வியின் நோட்டைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். எழுத்து எதுவும் கோட்டில் நிற்காது. கூட்டல் கணக்கில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று வராமல் ஆளுக்கொரு பக்கம் கிடக்கும். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் தப்பு. இடது கையில் பென்சில் எடுத்தால் நான் அடிப்பேன். "நொட்டாங்கையில எழுதுனா வெளங்குமா?" என்று ஒருநாள் அந்தக் கையைத் துணியால் கட்டியும் விட்டேன். அவள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு என் கொழுந்தனார் வந்தார். "படிப்பு ஏறாத புள்ளைக்கு எதுக்கு மதினி ஸ்கூலு? தீப்பெட்டி ஆபீசு வண்டி நம்ம தெருவுக்கே வருது. திங்கக்கிழமை ஏத்தி விடுங்க" என்றார். விடியுமுன்னே வேலைக்கு அந்த வண்டியில் தூங்கி வழிந்துகொண்டு போகும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறவள்.

மறுநாள் சனிக்கிழமை. அவளைக் கூட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். நடை சாத்தியிருந்தது. பூசாரி இல்லை, ஒரு ஈ காக்காய் இல்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "தாயே, எனக்கு ஒருத்தரும் இல்ல. இந்தப் புள்ளைக்கு நீதான் வழி காட்டணும்" என்று வாய்விட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். செல்வி வேப்பமர நிழலில் குத்தவைத்து, மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கை. அவள் பெயர் நேராக நின்றது. அதற்குக் கீழே ஒரு கூட்டல் கணக்கு. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று. அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும் ஒன்றையும் மேலே போட்டிருந்தாள். விடை சரி.

என்னைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அடிக்காதம்மா. இந்தக் கையில எழுதுனா வரிசையா நிக்குதும்மா."

அந்தக் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கூட்டிப்போனேன். "டீச்சர், அவ கையை நாந்தான் கெடுத்தேன். கொஞ்ச நாளு அவ இஷ்டத்துக்கு எழுத விடுங்க" என்றேன். டீச்சர் முகம் சுளித்தார். ஆனாலும், "சரி, பரீட்சை வரைக்கும் பாப்போம்" என்றார். அந்தச் சொல்லையும் அம்மன்தான் சொல்ல வைத்தாள் என்று நம்புகிறேன்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. வாய்ப்பாடு அவளுக்கு ஏறவே இல்லை. புளியங்கொட்டையைக் குவித்துவைத்து நானும் அவளோடு சேர்ந்து படித்தேன். மறந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளும் கை ஓங்கவில்லை. முழுப்பரீட்சையில் பாஸானாள். நிறைய மார்க் இல்லை. பாஸானாள். கொழுந்தனார் கோபித்துக்கொண்டு அதற்குப்பின் எங்கள் வாசலுக்கு வரவே இல்லை.

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது செல்வி அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள். காலையில் டவுன் பஸ்ஸில், "வாரேம்மா" என்று கிளம்பிப் போகிறாள். அவள் அப்பா இன்னும் வரவில்லை. அதற்கும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சில சாயங்காலங்களில் வீடு பெரிதாகத் தெரிகிறது. அப்போதும் யாரோ கூட இருக்கிறார்கள் என்ற நினைப்பு போவதில்லை.

பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று தனியாக உட்கார்ந்து அழுகிற தாய்மார்களே, கோயில் பூட்டியிருந்தாலும் போய் நில்லுங்கள். மனசில் உள்ளதைச் சொல்லுங்கள். என் தாய் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கேட்டாள்.