அப்பா காவல் காத்த விளக்கு

அண்ணன் விட்டுப்போன காரில், ஸ்டீரிங்குக்குப் பின்னால், பேட்டரி வடிவத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருந்தது. சாவியைத் திருப்பினால் எரியும், எஞ்சின் கிளம்பியதும் அணைந்துவிடும். 2009 மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ஆலப்பாக்கம் தாண்டியதும் அது தானாக எரிந்தது. முதலில் பார்த்தவர் அப்பாதான்.

"என்னம்மா இது, செவப்பா?" என்று வண்டி ஓட்டிய அண்ணியிடம் கேட்டார்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். சிதம்பரத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. அண்ணன் குவைத்தில் இருந்தான். அண்ணி அவசர அவசரமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு மருமகள் ஓட்டும் வண்டியில் போவது முதலில் பிடிக்கவில்லை. ஆனாலும் முன்சீட்டில்தான் உட்காருவார். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் துணைக்குப் பின்சீட்டில்.

பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று அண்ணி ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினார். "மாமா, அந்த லைட்டயே பாக்காதீங்க. ரோட்ட பாருங்க" என்றார்.

"ரோட்டதான் நீ பாக்குறியே, நான் இத பாத்துக்குறேன்" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் டயாலிசிஸ் முடிந்து, அப்பா துவண்டுபோய் வந்து உட்கார்ந்தபோது வண்டி கிளம்பவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். எங்கும் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கடலூரில் ஒரு மெக்கானிக் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதியதை மாட்டினார். இரண்டு நாள் விளக்கு எரியவில்லை. மழையில் ஒரு தடவை போய்வந்ததும் மறுபடி எரிந்தது. இன்னொருவர், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் போயிருக்கும் என்று அதைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினார். அது திரும்பி வருவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. வாடகைக் காரும் அன்று கிடைக்காததால் பஸ்ஸில் போனோம்.

அந்தப் பயணத்தை இன்றும் என்னால் அமைதியாக நினைக்க முடியவில்லை. திரும்பும்போது ஒரே கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றதைப் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பரங்கிப்பேட்டை பிரிவு ரோடு தாண்டியதும் வேட்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அண்ணி தன் புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தார். எதையும் கசங்கவிடாமல் உடுத்துகிற மனிதர். அதற்குப் பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார்: "போதும்மா. இனிமே நான் வரல. இருக்குற வரைக்கும் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். நான் அழுதேன்.

மறுநாள் ஆல்டர்னேட்டர் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லையாம். மாட்டிப் பார்த்தபோது விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு என்னிடம், "இது விடாம எரியல, கவனிச்சியா? வேகத்தடையில ஏறி எறங்குனா எரியுது. மழ பேஞ்சா எரியுது. எங்கயோ ஒயர்தான் லூசா இருக்கு" என்றார். உள்ளே போய் மோர் கடையும் மத்தை எடுத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் அப்பாவின் கட்டிலருகே போனார்.

"மாமா, நான் முன்னாடி நின்னு ஒயர ஆட்டுவேன். உள்ள உக்காந்து லைட்டப் பாத்துச் சொல்ல ஆள் வேணும். வாங்க."

"அவள உக்காரச் சொல்லு" என்று என்னைக் கைகாட்டினார்.

"அவளுக்கு எஞ்சின் சத்தத்துல கூவத் தெரியாது. ஆபீசே அதிர நீங்க கூவுனவரு. வாங்க."

அப்பா சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடியது. சுழலும் பெல்ட்டில் கை படாமல், மத்தின் காம்பால் அண்ணி ஒவ்வொரு ஒயராகத் தள்ளினார்.

"இப்ப?"

"இல்ல!"

"இப்ப?"

"இல்ல... இரு இரு. எரியுது! எரியுதும்மா! அங்கதான்!"

"விடுறேன். இப்ப?"

"அணஞ்சிடுச்சு!"

தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். பல மாதங்களாக நான் கேட்காத குரல். அண்ணியின் மத்து அப்போது தொட்டிருந்தது, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் மெல்லிய ஒயர்கள் போய்ச் சேரும் பிளக்கை. மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினோம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றி, ஒரு ஒயரின் மேலுறையைச் சீவினார். உப்புக்காற்றில் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, ஒரேயொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் சேர்த்து, புது பிளக் மாட்டினார். மறுபடி எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, மீட்டரை வைத்துப் பார்த்து, "இப்ப சார்ஜ் ஏறுதுக்கா" என்றார். அப்பா இறங்காமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரியவில்லை.

வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்பாரோ என்று பயந்தோம். அண்ணி கேட்கவேயில்லை, வண்டியைக் கிளப்பிவைத்துக் காத்திருந்தார். அப்பா சலவை வேட்டியோடு வந்து முன்சீட்டில் ஏறினார். வேகத்தடை வரும்போதெல்லாம் குனிந்து பார்த்து, "இல்ல" என்றார். சிதம்பரம்வரை அந்த ஒரு சொல்தான் பேச்சு. ஒவ்வொரு "இல்ல"வுக்கும் அண்ணியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

இன்று எனக்கும் ஒரு கார் இருக்கிறது. ஏதாவது பழுது என்றால் போன் செய்கிறேன், வந்து எடுத்துப்போகிறார்கள். எது கெட்டது, எது சரியானது என்று கேட்பதுகூட இல்லை. அப்பா அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாக இருந்தார். அந்த வருடங்கள் எங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று நினைக்கும்போதெல்லாம், அந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதுதான் கண்முன் வருகிறது.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அப்பாவின் தலை சாய்ந்தது. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி வேகத்தைக் குறைத்து, பள்ளங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கண்விழித்தார். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, "செவ்வாக்கெழம எத்தன மணிக்கும்மா கெளம்பணும்?" என்று கேட்டார்.