நான் சொன்ன இடமும் குன்வோர் சொன்ன இடமும்

என் தங்கை குன்வோர் படகுகளோடு பேசும் அண்டேனஸ் கரை வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். நான் ஏழாம் வகுப்போடு படகேறியவன்; அவள் தேர்வெழுதித் தேறியவள்.

1984 மார்ச் பதினான்கு, காலை. ரஷ்ய நீர்மூழ்கிகள் எங்கள் கடல் வழியாகத்தான் தெற்கே இறங்கும். அவர்களுக்குப் பயம் இருக்கட்டும் என்று எங்கள் கடற்படை வருடாவருடம் நிஜக் குண்டு போட்டுப் பயிற்சி செய்யும். அன்று பத்து மணிக்குச் சுடுவதாக இருந்தது. குன்வோர் ஒவ்வொரு படகாக அழைத்து இடம் கேட்டாள்.

மீன் விழும் இடத்தை எங்கள் ஊரில் எவனும் வானொலியில் சொல்லமாட்டான்.

"மேற்கே ஆறு மைல்," என்றேன். என் படகு ஹாவோர்ன் இருந்ததோ வடக்குத் திட்டில். தூண்டிக்கு ஒன்றாகக் காட் மீன் ஏறிக்கொண்டிருந்தது. சுடும் எல்லைக்கு ஒரு மைல் வெளியே நிற்கிறோம் என்பது என் கணக்கு.

"மீன் எப்படிண்ணே?"

"ஒண்ணுமில்லடி. வெறும் தூண்டி."

"வெறும் தூண்டியா? நீங்க இன்னும் யாரையும் திட்டலையே."

அவள் அடுத்த படகை அழைத்தாள். பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில், எல்லாப் படகும் கேட்கும் அலைவரிசையில் அவள் குரல் வந்தது.

"போர்க்கப்பலுக்கு. சுடாதீங்க. ஹாவோர்ன் படகு எல்லைய ஒட்டி வடக்குத் திட்டுல இருக்கு."

எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த என் திட்டு! ஊருக்கே சொல்லிவிட்டாள். ஒலிவாங்கியைப் பிடுங்கினேன்.

"பொய்! நான் மேற்கதான் இருக்கேன்!"

"அவர நம்பாதீங்க. அவர் என் கூடப்பொறந்தவர்."

"யார் சொல்றதுங்க நெசம்?" என்றது கப்பல்.

என் கூட்டாளி தோரால்ப் இடங்காட்டும் கருவியைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "யோவ் ஐலர்ட்! நீரோட்டம் நம்மள உள்ள இழுத்துட்டுதுய்யா!"

எல்லைக்குள் இரண்டு மைல்.

"உள்ளதான் இருக்கேன்," என்றேன். "சுடாதீங்க."

தூண்டிக் கயிற்றை அறுத்துவிட்டு வெளியேறினோம். ஒரு மணி நேரம் கழித்து வந்த வெடிச்சத்தத்தில் படகின் சமையலறைக் குவளைகள் ஆடின.

மறுநாள் என் திட்டில் பதினோரு படகுகள். வானொலியில் குடும்பப் பேச்சுப் பேசியதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஷிப்டுக்கு உட்கார்ந்தாளாம். மூன்று வாரம் அவளோடு நான் பேசவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த பயிற்சிக்கு, கேட்கும் முன்பே இடத்தைச் சொன்னேன். அட்சரேகை, தீர்க்கரேகையின் நிமிடக் கணக்குவரை சரியாக.

"சத்தியமாவாண்ணே?"

"சத்தியமாடி."

"தோரால்ப் அண்ணன்கிட்ட குடுங்க."