வாசலக்காவின் கணக்கு

டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பெண்மணிக்கு வாசலக்கா என்ற பட்டப்பெயரைத் தெருவே சேர்ந்து வைத்தது. பக்கத்து நகரத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அவள் சொல்ல மாட்டாள். "உங்க வாசல்லேர்ந்து எந்த வாசலுக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். டாக்ஸிக்கு நிற்பது, பெட்டிக்குக் காத்திருப்பது, அந்த ஊர் டிராஃபிக் என்று அவள் கூட்டி முடிப்பதற்குள், அவசரக்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பிழைக்கத் தெரியாதவள் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தெருவுக்கு இப்படி ஒருத்தி இருந்தால் பாதிப் பேருக்கு அலைச்சல் மிச்சம்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கே எதிர்க்கடைத் தையற்காரர் கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தார்.

"அக்கா, ஊர்ல அம்மாவுக்கு நாளைக்கு இருந்த தொண்டை ஆபரேஷனை இன்னிக்கு சாயங்காலமே பண்றாங்களாம். அதுக்கப்புறம் அவங்களால பேசவே முடியாது. ஒரு தடவை அவங்க பக்கத்துல உக்காந்து அந்தக் குரலைக் கேட்டுடணும். அடுத்த ஃபிளைட்ல போடுங்க!"

அடுத்த விமானம் மூன்று மணிக்குத்தான். "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். அவர் பெயரைச் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. அந்த ஊரில் விமான நிலையம் ஒரு கோடி, ஆஸ்பத்திரி மறு கோடி. நடுவில் சாயங்கால நெரிசல்.

"ஃபிளைட் வேணாம் தம்பி. இன்னும் அரை மணியில ரயில் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுலதான் ஸ்டேஷன்."

"அஞ்சு மணி நேரம் உருட்டுவானே! ஏரோப்ளேனை விட ரயில் சீக்கிரம் போயிடுமா? விளையாடுறீங்களா?"

"ரயில் சீக்கிரம் போகாது. நீ சீக்கிரம் போயிடுவ. வண்டியில ஏறு."

போட்டது போட்டபடி கடையை விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் இறக்கினாள். ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் அவர் தொற்றி ஏறினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவழியில் ரயில் நின்றுவிட்டால்? அந்தப் பிள்ளை முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது? வாய்த்துடுக்கோடு சொல்லிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

விமானம் இன்னும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் போன் அடித்தது. தையற்காரரின் நம்பர். எடுத்தால், கரகரப்பாக ஒரு வயதான அம்மாவின் குரல்.

"வாசலக்காவாம்மா? என் புள்ள வந்து சேர்ந்துட்டான். ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டே இருக்கோம். குரல் போறதுக்குள்ள உன்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிடணும்னு தோணுச்சு. சாப்பிட்டியாம்மா?"

வாசலக்கா பிரிக்காத பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லம்மா," என்றாள். "நீங்க பேசுங்க."